ஒற்று மிகும் இடம்

குன்னூர்க் கீழ்க்கடைவீதி அச்சகத்தில்
சரித்திரப் படங்களுக்கு நிறம் நிரப்புகிறவள் நான்.
மெஜந்தா முப்பது சதவீதம்:
அதுதான் ஹொய்சளம்.

பெயரை அகலமாக இழுத்து எழுதச் சொன்னார்
பேராசிரியர் ஜெயசீலி.
‘ஹொ’ துங்கபத்திரைக்குக் கொஞ்சம் கீழே,
கடைசிச் ‘சு’ காவிரி இரண்டாகப் பிரியுமிடத்தில்.
இடையில், ஒன்பதில் ஐந்தாவதாக,
ஒரு ‘ப்’
எங்கள் மலைமேல் வந்து உட்கார்ந்தது.
பெரிதாக்கிப் பார்த்தேன்.
புள்ளி சரியாகக் கோத்தகிரி.

போனில் கேட்டேன்,
மேடம், இவ்வளவு மேலே ஏறினார்களா?
“ஒரு தண்டநாயகன் வந்தான். தோடரை அஞ்சவைத்தேன் என்று
கல்லில் வெட்டிக்கொண்டான். நிறம் போடலாம்.”
அப்புறம்?
“இறங்கிப் போயிருப்பான். குளிர்தானே.”
இறங்கியதற்கு என்ன நிறம்?
சிரித்தார். மழையில் லைன் போய்விட்டது.

இரண்டு வாரம் கழித்துச் சென்னையில் குழு கூடியதாம்.
எத்தனை மொழி, எத்தனை பேர் கப்பம் கட்டினார்கள்,
எத்தனை வருஷம் தாங்கியது
எல்லாம் கூட்டிக் கழித்ததில் பேரரசு தேறவில்லை.
‘அரசு’ என்று திருத்தவும்.

திருத்தினேன்.
‘பே’ போய் ‘அ’ வந்தது, ‘ர’ இரண்டில் ஒன்று உதிர்ந்தது.
உயிர் வந்தால் ஒற்று மிகாதே,
மலையிலிருந்து ‘ப்’ தானாகக் கழன்றது.
ஒரு குதிரை இறங்கவில்லை,
கோத்தகிரி காலி.

அன்று அதே மெஷினில் என் தங்கையின் கல்யாணப் பத்திரிகை.
ஊர்ப்பெயருக்கு மேலே
பொறங்காடு சீமை என்று அடித்தேன்.
ஆதார் அட்டையில் அப்படி ஒன்று கிடையாது.
எந்தக் குழுவும் கேட்கவில்லை, எவ்வளவு கப்பம் என்று.

அச்சுக்குப் போகிற ராத்திரி மறுபடி போன்.
“பேரரசே இருக்கட்டும்மா.
மற்ற அத்தியாயம் எல்லாம் பேரரசு,
இது மட்டும் குட்டையாக நின்றால்
பிள்ளைகள் குழம்பும்.”

பெள்ளிராஜ் அண்ணன் தகடு மாட்டினார்.
மூன்று நாள் மூடுபனி,
காகிதம் ஈரம் குடித்து உப்பியிருந்தது.
கறுப்பு ஒரு நூல் கிழக்கே நகர்ந்துவிட்டது.
முப்பதாயிரம் பிரதியிலும்
அந்தப் புள்ளி
கோத்தகிரியை விட்டு
பவானிசாகர் தண்ணீரில் விழுந்து கிடக்கிறது.

ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை,
புள்ளியையும்,
ஹொய்சளர் காலத்தில் ஏது பவானிசாகர் என்பதையும்.
பழைய படத்தின்மேல் வேலை செய்தேன்.
நீலம் இருந்தது, அழிக்க மறந்துவிட்டேன்.