எதையும் தாங்காத உத்தரம்

கோரி தாண்டியதும் காரின் ஏசி
ஒருமுறை இருமிவிட்டு நின்றது.
நாங்கள் அதற்கு முன்பே பேச்சை நிறுத்தியிருந்தோம்.
பின்சீட்டில் கொழுந்தன் ஜும்பேர், மகள் கேசோ,
நடுவே வழியில் வாங்கிய தர்ப்பூசணி.
அதற்கும் பெல்ட் போட்டிருந்தாள் கேசோ.

உப்லிஸ்த்சிகேயில் வெயில் மேலிருந்து விழவில்லை,
பாறைக்குள்ளிருந்து ஊறி வந்தது.
ஈரத் துண்டைத் தலையில் போட்டிருந்த டிக்கெட்காரி
"இந்த நேரத்திலா?" என்று கேட்டபடியே
நாலு சீட்டு கிழித்தாள்.
நாற்பத்தொன்று என்றது ஜும்பேரின் போன்.
பிறகு அதுவும் சூடு பொறுக்காமல் அணைந்தது.

மலையைக் குடைந்து ஊர் செய்தவர்கள்
வாசல் வைத்தார்கள், திராட்சை மிதிக்கத் தொட்டி வைத்தார்கள்,
தெருவுக்கு நடுவே மழைநீர் ஓட வாய்க்கால் வெட்டினார்கள்.
இன்று அதில் ஓடுவது பல்லிகள்.
கேசோ எண்ணிக்கொண்டே வந்தாள்.
அசையாமல் கிடப்பது கணக்கில் சேராதாம்.
பதினேழாவது பல்லிக்காக நாங்கள் எல்லோரும்
வெயிலில் நின்று காத்திருந்தோம்.

அங்கேதான் என் செருப்பின் அடி
பசை உருகி வாயைப் பிளந்தது.
தேங்கோ குனிந்தான்.
தன் ஷூவிலிருந்து லேஸை உருவினான்.
என் பாதத்தையும் செருப்பையும் சேர்த்து
சாரம் கட்டுகிறவனின் முடிச்சைப் போட்டான்.
காலையிலிருந்து அவன் என்னைத் தொட்டது அப்போதுதான்.
இறுக்குகிறதா என்று கேட்கவில்லை.
இறுக்கியது. நானும் சொல்லவில்லை.

பெரிய குகையின் கூரையில் மர உத்தரங்கள்.
மரமில்லை, கல்.
மரம்போலவே வரிவரியாகச் செதுக்கியிருந்தார்கள்.
தேங்கோ அண்ணாந்து வெகுநேரம் பார்த்தான்,
வேலைக்குக் கூலி பேசுகிறவன்போல.
"இது எதையும் தாங்கவில்லை" என்றான்.
"மலை தன்னைத்தானே பிடித்துக்கொண்டிருக்கிறது."
"அப்புறம் ஏன் செஞ்சாங்க?" என்றாள் கேசோ.
ஜும்பேர் பலகையைப் படித்தான், அதில் அது இல்லை.

மர வீட்டை விட்டு வந்தவர்கள்
படுத்ததும் மேலே பார்த்திருப்பார்கள்,
பழகிய கோடுகள் இல்லாமல் தூக்கம் வந்திருக்காது.
எனக்குத் தோன்றியது இவ்வளவுதான்.
சொல்ல வாயெடுத்தபோது
அவன் சட்டைப் பையில் நாலாக மடித்த ஒப்பந்தம்
வியர்வையில் ஊறி வெளியே தெரிந்தது.
ஜெர்மனி. ஆப்பிள் தோட்டம். மூன்று மாதம்.
போன வருஷமும் மூன்று மாதம் என்றுதான் தொடங்கியது,
ஏழில் முடிந்தது.

ஆற்றுக்கு இறங்கும் சுரங்கம் இருட்டாக, குளிராக இருந்தது.
முற்றுகை நாட்களில் தண்ணீர் எடுக்கப் போன வழி என்றான் ஜும்பேர்.
கேசோ கையை உதறிக்கொண்டு முன்னால் ஓடிவிட்டாள்.
தேங்கோ பின்தங்கி, லேஸ் இல்லாத ஷூவை
படிப்படியாக இழுத்துக்கொண்டு வந்தான்.

எங்கள் வழக்கத்தில் அப்பா மகளை
'அப்பா' என்றுதான் கூப்பிடுவார்.
அம்மா என்னை 'அம்மா' என்றே அழைத்து வளர்த்தாள்.
யாருக்கும் இதில் குழப்பம் வந்ததில்லை.
அன்று அந்தச் சுரங்கத்தில்
"அப்பா" என்று ஒரு குரல் கேட்டது.
மேலிருந்தும் வந்தது, கீழிருந்தும் வந்தது.
சுவரில் பட்டுச் சன்னமாகி, தடித்து,
யார் யாரைத் தேடுகிறார்கள் என்று தெரியாமல்
படிகளில் உருண்டது.
நடுவில் நான் நின்றிருந்தேன்.
இரண்டு பக்கமும் "இதோ" என்றேன்.

வெளியே ம்த்குவாரி பழுப்பாக ஓடிக்கொண்டிருந்தது.
காரில் தர்ப்பூசணி வெந்துபோயிருந்தது.
ஜும்பேர் பேனாக்கத்தியால் அறுத்தான்.
வெந்நீர்போல இனித்தது, விதை துப்பத் துப்பத் தின்றோம்.
கேசோ இருபத்தொன்பது என்று அறிவித்தாள்.
கடைசியானது அசைந்ததா என்பதில் அவளுக்கே சந்தேகம்.

கிளம்பும்போது தேங்கோ என் காலைப் பார்த்தான்.
"லேஸ் வேணுமே" என்றான்.
"வண்டி ஓட்டணும்."

பெடலுக்கு அது தேவையில்லை என்று அவனுக்கும் தெரியும்.
காலைச் சீட்டுக்கு உள்ளே இழுத்துக்கொண்டேன்.
"நவம்பரில் வந்து அவிழ்த்துக்கோ" என்றேன்.