பாதிக் கரி

கடலே இல்லாத நாட்டில்
நான்காம் மாடியில் ஒரு கடல் வைத்திருக்கிறேன்.
முந்நூறு லிட்டர்.
உப்பை நானே கலக்குகிறேன், வாளியில்,
ட்ராம் ஓட்டிவிட்டு வந்த கையால்.

புர்னோவில் பிப்ரவரி.
ஜன்னலுக்கு வெளியே மைனஸ் பதினொன்று,
தொட்டிக்குள் இருபத்தைந்து.
படியில் விழுந்த என் மின்கட்டணச் சீட்டை
எடுத்துத் தந்த ஹெட்விகா கேட்டாள்:
"போஷெனா, வீட்டில் யாரைக் குளிப்பாட்டுகிறாய்?"

பவளம் பொல்லாதது.
அடிக்காது, கத்தாது.
மூலையில் காளான்போல் விரிந்த தோல்பவளம்
தண்ணீரில் எதையோ கரைத்துவிட்டுச் சும்மா இருக்கும்.
ஒரு முழம் தள்ளியிருக்கும் கல்பவளம்
மறுநாள் வாய் திறக்காது.
யார் என்ன செய்தார் என்பதற்குச் சாட்சி இல்லை.
குடும்பம் மாதிரிதான்.

அதற்குத்தான் கரி.
தேங்காய்ச் சிரட்டையைச் சுட்டு
நீராவியால் துளைத்துத் துளைத்து
குருணைக்குள் ஆயிரம் அறை வைத்த கரி.
ஒரு பிடியை விரித்தால் ஊரையே மூடும்
என்கிறது பொட்டலம்.
விரித்துப் பார்த்தவர் யார்?

குழாயடியில் அலசினால்
முதலில் இரவு ஓடும்,
பிறகு சாம்பல்,
பிறகு ஒன்றுமில்லை.
வலைப்பையில் கட்டி
தண்ணீர் ஓடும் வழியில் போட்டுவிட்டு
நாளைக் காலண்டரில் குறிக்க வேண்டும்.

உப்பை அது தொடாது.
நைட்ரேட்டைத் தொடாது.
பாறைக்குப் பின்னால் செத்த மீனை
உனக்காக மறைத்துத் தராது.
சாயத்தை, வாடையை,
பெயர் தெரியாத நஞ்சைப் பிடித்துவைக்கும்,
வயிறு நிறையும்வரை.
நிறைந்துவிட்டதா?
பார்த்தால் தெரியாது.
கறுப்பு, கறுப்பாகவேதான் இருக்கும்.

இந்தக் குளிர்காலம் குறிக்க மறந்தேன்.
க்வியெட்டாவுக்கு முழங்கால் அறுவை,
அவளுடைய எட்டாம் எண் வண்டியும் என் தலையில்.
ஐந்து மாதம்.
மஞ்சள் ஒருநாளில் வருவதில்லை.
தினமும் பார்ப்பவளுக்கு
அது வருவதே இல்லை.

ஒன்பது வருடம் கழித்து வந்த ராதிம்
ஷூவைக்கூடக் கழற்றாமல்
வாசலில் நின்று சொன்னான்:
"உன் கடல் தேநீராகிவிட்டதே."

ரோஷம்.
அன்றிரவே பொட்டலம் முழுவதையும் கொட்டினேன்.

விடிந்தபோது தண்ணீரைக் காணோம்.
மீன்கள் காற்றில் நீந்தின.
பெருமையாக வேலைக்குப் போனேன்.

மூன்றாம் நாள்
கிளைப்பவளத்தின் நுனிகள் வெளுத்திருந்தன.
வாடவில்லை, அழுகவில்லை,
வெளுத்திருந்தன,
எலும்பு தெரிய.
மஞ்சளுக்குப் பழகிக் கிடந்தவற்றின் மேல்
விளக்கு நேராக இறங்கியிருக்கிறது.
யாரும் நஞ்சு வைக்கவில்லை.
தெளிவுதான் சுட்டது.

அன்று மாலை ராதிம்
மேஜையில் ஒரு கோப்பைப் பிரித்துவைத்திருந்தான்.
வீடு விற்ற பத்திரம்.
அம்மா இறந்த மாதத்தின் தபால்கள், உறை கிழியாமல்.
"இன்றைக்கே எல்லாவற்றையும் பேசிவிடுவோம், போஷ்கா.
ஒன்றும் மிச்சம் வேண்டாம்."

முழங்கைவரை நனைந்து
கரிப்பையை வெளியே எடுத்தேன்.
பாதியைக் கொட்டிவிட்டு
மீதியைத் திரும்பக் கட்டினேன்.
விளக்கை ஒரு சாண் உயர்த்தி
ஷூ நாடாவால் கட்டினேன்,
அவனுடைய ஷூ நாடாதான்.

"அடக்கத்துக்கு ஏன் வரவில்லை,
அதை மட்டும் இன்று சொல்.
வீட்டை நான் ஏன் விற்றேன் என்பதைப்
புதன்கிழமை சொல்கிறேன்."

அவன் நெடுநேரம் தொட்டியைப் பார்த்தான்.
"இது பிழைக்குமா?"
"தெரியாது.
அடியில் இன்னும் கொஞ்சம் பழுப்பு இருக்கிறது."

பிறகு சொன்னான்.
எல்லாம் இல்லை.
எனக்குக் காலை மூன்று நாற்பதுக்கு அலாரம்.

சமையல் தொட்டியில்
நான் அலசிய கரியின் தூள் வளையமாய் ஒட்டியிருந்தது.
கோப்பைகளைக் கழுவினான் ராதிம்.
அந்த வளையத்தைத் துடைக்கவில்லை.
அதைச் சுற்றியே
தண்ணீரை ஓடவிட்டான்.