செக்கிங் மேசை

ஒரு நாளைக்கு எழுநூறு பனியன்
என் விரலைத் தாண்டிப் போகும்.
ட்யூப்லைட்டுக்கு நேரே விரித்துப் பிடித்தால்
ஊசி விட்ட கோடு,
எண்ணெய்ச் சொட்டு,
தோள் மூட்டில் நூல் தப்பிய கண்,
தெரிந்த இடத்தில் சிவப்பு அம்பு ஒட்டித் தள்ளுவேன்.
பதினோரு வருஷம்.
வேலம்பாளையத்தில் இவளைத் தாண்டி
ஓட்டைத்துணி கப்பல் ஏறாது என்று
முதலாளியே சொல்லியிருக்கிறார்.

இதைச் சொல்லிவிட்டுத்தான்
அதைச் சொல்ல வருகிறது, ஆண்டவரே.

கட்டிங் மாஸ்டர் நவநீதன்
ஒன்றும் செய்யவில்லை.
டீ வரும் நேரத்துக்கு வந்தார்.
"சாப்டீங்களா" என்றார்.
எங்கள் பக்கம் எல்லாரும் எல்லாரையும் கேட்பதுதான்.
பழமை வளர்ந்தது.
"ஜெயசீலிங்கறதப் பாதியா மடிச்சு
சீலின்னு வெச்சா நல்லா இருக்குதுங்க" என்றார்.
நாளெல்லாம் துணி மடிப்பவள் நான்.
அன்று யாரோ என்னை மடித்து
அடுக்கில் வைத்தது போல் இருந்தது.
மடிப்புக் கலையாமல் வீடு வந்தேன்.

அரிசிப் பானைக்குள் சிலுவாடு போடுகிற மாதிரி
அவர் சொன்னதையெல்லாம் போட்டு வைத்தேன்.
பாக்கியநாதன் சாயப்பட்டறைக்கு ராத்திரி ஷிப்ட் போனபின்
எடுத்து எண்ணுவேன்.
என் புருஷன் நகக்கண்ணில் எப்போதும் ஒரு நிறம் இருக்கும்,
ஒரு வாரம் நீலம், ஒரு வாரம் கருஞ்சிவப்பு.
முன்பெல்லாம் என்ன ஆர்டர் ஓடுகிறதென்று
அதைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.
இந்த ஆடி முழுக்க என்ன நிறம் ஓடியது?
தெரியவில்லை.

விழுந்தேன் என்று சொல்ல ஒன்றுமில்லை.
தொட்டதில்லை. தனியே நின்றதில்லை.
போனில் அவர் நம்பரை
'சுகந்தி அக்கா டைலர்' என்று பதிந்து வைத்தேன்.
அவ்வளவுதானே, அவ்வளவுதானே என்று
எத்தனை தடவை சொல்லிக்கொண்டேன்.
பழுதில்லாத துணிக்கு
எவளாவது லேபிள் மாற்றித் தைப்பாளா?

திருவிருந்து ஞாயிறு.
எங்கள் பெஞ்சு எழுந்து நிற்கும் நேரம்
மடியில் போன் நடுங்கியது.
"யாரும்மா சுகந்தி அக்கா?"
மகள் எட்டிப் பார்த்துவிட்டாள்.
"துணி தைக்கிறவங்க கண்ணு."
எண்ணெய் போட்ட ஊசி போல
சத்தமில்லாமல் இறங்கியது அந்தப் பொய்,
பிள்ளைக்குள்.
வரிசை முன்னே நகர்ந்தது.
நான் எழவில்லை.
கால் வலி என்று நினைத்து
முன்பெஞ்சு அம்மா தைலம் நீட்டினாள்.

வெளியே வந்து, சைக்கிள் நிறுத்துமிடத்தில் நின்று
முதலில் பெயரைத் திருத்தினேன்.
நவநீதன், கட்டிங்.
அவன் பெயரில் அவனைப் பார்த்த பின்தான்
அதன் அளவு தெரிந்தது.
அழித்தேன்.

அழித்து என்ன?
பத்து எண்ணும் மனப்பாடம்.
ஞாயிறு பள்ளியில் வசனம் ஒப்பித்து
பென்சில் டப்பா வாங்கியவள் நான்.
வசனம் இருக்கிற அதே அறையில்
அதுவும் பாய் விரித்துப் படுத்திருக்கிறது.
உள்ளத்தைப் பூட்டி வை என்கிறார்கள்.
திருடன் வெளியே இருந்தால் பூட்டலாம்.
எங்கள் ஊட்டுத் தொறப்புக்குச்சி
என் இடுப்பில்தானே தொங்குகிறது.

திங்கட்கிழமை சூப்பர்வைசரிடம்
கடைசி மேசை கேட்டேன்.
"அங்க காத்தே வராதே அம்மணி?"
"பரவால்லீங்."
பாக்கியநாதனிடம் இன்னும் சொல்லவில்லை.
அது இந்த வாரப் பண்டலில் இருக்கிறது,
அடியில்.
நேற்றுப் பார்த்தேன், அவன் நகத்தில் பச்சை.

பத்தரைக்கு டீ வந்தது.
சிமெண்டுத் தரையில் அந்தச் செருப்புச் சத்தம்.
தலை நிமிரவில்லை,
காது நிமிர்ந்தது.

கர்த்தாவே,
கையிலிருந்த பனியனை
இரண்டாம் தடவை விளக்குக்குப் பிடித்தேன்.