பத்திரம்

இந்தக் கவுண்டியில் மாடுகள் நாற்பதாயிரம்,
மனிதர்கள் எழுநூற்றுச் சொச்சம்.
நீதிமன்றக் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு ஜன்னல்,
ஜன்னலுக்குப் பின்னால் நான்.
கார் நம்பர் நான், கல்யாண லைசென்ஸ் நான்,
நவம்பரில் ஓட்டுப்பெட்டி நான்.
மற்ற நாளெல்லாம் நிலப் பதிவு.

எங்கள் மொழியில் இந்தத் தாளுக்குப் பத்திரம் என்று பெயர்,
வழியனுப்பும்போதும் அதையேதான் சொல்வோம்
என்றேன் ஒருமுறை வெர்னாவிடம்.
நெப்ராஸ்காக்காரி, மேலதிகாரி, சிரிக்காமல் சொன்னாள்:
"நாம் கொடுப்பது முதலாவதை.
இரண்டாவதுக்கு நாம் பொறுப்பில்லை."

பிப்ரவரியில் தபாலில் வந்தது ஒன்று.
தென்கிழக்குக் கால்பங்கு, நூற்றறுபது ஏக்கர்.
கொடுப்பவர் லெடா ஹாவ்லிசெக், மணமாகாதவர்.
பெறுபவர் எங்கோ ஒரு கம்பெனி.
விலை, ஒரு டாலரும் இன்னபிற நன்மைகளும்.
நம்மூரில் இதை
விடுதலைப் பத்திரம் என்பார்கள்.
யாருக்கு விடுதலை என்று எழுதுவதில்லை.

மேல்விளிம்பு மூன்று அங்குலம், சரி.
நோட்டரி முத்திரை, சரி, காலாவதியாகவில்லை.
காசோலை, சரி.
கையெழுத்து
உழுத சால் போல நேராக ஓடியது.

தேதி ஜனவரி பதினாறு.
அந்த வாரம் முழுக்க லெடாவின் வலது கை மாவுக்கட்டில்.
தீயணைப்பு நிலைய விருந்தில்
அவள் தட்டுக் கறியை நறுக்கிக் கொடுத்தவள் நான்.

சட்டம் என்னிடம் கேட்பது
வடிவம் சரியா என்று மட்டும்.
மெய்யா என்று கேட்க மாடியில் நீதிபதி,
மாதம் இரண்டு நாள் வருவார்.
எனக்குத் தெரிந்ததை வைத்து
நான் ஒரு தாளைத் திருப்பி அனுப்பலாமென்றால்
நாளை எனக்குப் பிடிக்காதவனின் தாளும் திரும்பும்.
முத்திரை அடித்தேன். காலை 10.42.
கை கூசியது.

பிறகு ஷெரிப்புக்கு ஒரு போன்.
பிறகு, போன வருஷம்
இரண்டுக்கு ஒன்று ஓட்டில் உயிர் பிழைத்த அந்தத் திட்டம்:
உங்கள் பெயரில் ஏதேனும் பதிவானால்
உங்கள் வீட்டுக்கு ஒரு தபால் அட்டை.
அச்சடித்த வரிகளுக்குக் கீழே பேனாவால் எழுதினேன்,
லெடா, உடனே வாருங்கள்.

மூன்றாம் நாள் வந்தாள், சேற்று பூட்ஸோடு.
கட்டு அவிழ்த்த கை, உரித்த கிளை போல வெளிறி.
"அந்தப் பக்கத்தைக் கிழி."
முடியாது.
"அது பொய்."
பொய்தான். அதற்கும் எண் கொடுத்தாயிற்று.
இங்கே கிழிக்க முடியுமென்றால்
உங்கள் பக்கத்தையும் ஒருவன் கிழிப்பான்.

தன் பக்கத்தைக் காட்டச் சொன்னாள்.
பின்னோக்கிப் போனோம்,
அவளிலிருந்து அப்பா, அப்பாவிலிருந்து இன்னொரு ஹாவ்லிசெக்,
முதல் புத்தகம் வரை.
கொடுப்பவர்: அமெரிக்க ஐக்கிய நாடு.
அதற்குக் கொடுத்தவர் யாரென்று
எந்தப் புத்தகத்திலும் இல்லை.
தாய்ப்பத்திரத்துக்குத் தாய் இல்லை.
லெடா கொஞ்ச நேரம் அந்த வரியையே பார்த்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை. நானும்தான்.

பிறகு வலது கையை உயர்த்தி, வலித்தது, சத்தியம் செய்தாள்.
அவள் வாக்குமூலம் எண்பத்தெட்டாம் புத்தகம், பக்கம் 215.
பொய்யின் ஓரத்தில் கறுப்பு மையில் எழுதினேன்:
பார்க்க 215.
இனி வழக்கு, வக்கீல்.
விதைப்புக்கு முன் முடியுமா, தெரியாது.

"எவ்வளவு?"
பத்து டாலர்.
"என் நிலம் என்னுடையது என்று சொல்லவா?"
ஆமாம்.
"அவன் எவ்வளவு கட்டினான்?"
அவனும் பத்து.

இடது கையால் எண்ணி வைத்தாள்.
ரசீது கேட்டு வாங்கினாள்.
வெளிப்படியில் பனி உறைந்து கிடந்தது.
என்னையறியாமல் வாயில் வந்துவிட்டது, பத்திரம்.
என்ன சொன்னேன் என்று கேட்கவில்லை.
ரசீதை மடித்துக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு
கம்பியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக, இறங்கினாள்.