அலமாரி

பாகான் டாலாம் கப்பல் பட்டறையில்
எனக்குப் பத்தொன்பது வருடம்.
பெர்ரியின் வயிற்றுக்கடியில் மல்லாந்து
சுத்தியலால் தட்டுவேன்.
நல்ல இரும்பு கணீரென்னும்.
துருப்பிடித்தது இருமும்.

தவமலருக்குப் பாயான் லெப்பாஸில் வேலை.
உருப்பெருக்கிக்குக் கீழே செம்புத் தகடுகள்:
கறுத்ததை ஒதுக்கு, மினுங்குவதை அனுப்பு.
காற்றுப் படாமலிருக்க
நைட்ரஜன் அலமாரிக்குள் அவை தூங்குமாம்.
பத்து விநாடிக்கு மேல் கதவு திறந்திருந்தால்
அலாரம் கத்தும். பிறகு சூப்பர்வைசர் கத்துவாள்.

ஆக, எங்கள் வீட்டின் இரண்டு சம்பளமும்
துருவை எதிர்த்து வந்தவை.
ஆயர் ஈத்தாம் ஃபிளாட்டின் தவணை,
மகனின் மோட்டார் சைக்கிள்,
எல்லாம்.

ஒரு காலை கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு
அதன் பெயரைத் தேடினாள்.
கோப்பி ஆறிப்போனது.

டாக்டர் ஹஸ்லிண்டா
தவணை அட்டையின் பின்புறம் வட்டம் வரைந்தார்.
கதிர் நேராகக் கொல்வது கொஞ்சம்தான், அங்கிள்.
உயிரணுவுக்குள் இருக்கிற தண்ணீரை அது உடைக்கும்.
உடைந்த துண்டு வெறிபிடித்து
பக்கத்திலிருப்பதை எல்லாம் அரிக்கும்.
என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு
'கராட்' என்றார், மலாயில்.
துரு.

ஆறு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள்,
முகத்தில் வலைமூடி, மேசையோடு பூட்டி.
இரவில் வெறும் வயிற்றில் மாத்திரை.
நான் கப்பலடியில் சுரண்டிக்கொண்டே
இங்கே உனக்கென்ன வேலை, அங்கே போ என்றேன்.
ரஷீட் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

மூன்றாம் வாரம்
மேல்மாடி மிசஸ் ஊய் மங்குஸ்தீன் சாறு கொண்டுவந்தார்.
ஒரு பாட்டில் நூற்றெண்பது வெள்ளி,
எனக்கென்று நூற்றைம்பது.
தங்க எழுத்தில் 'ஆன்டிஆக்சிடன்ட்'.
நல்லது என்றுதானே எழுதியிருப்பார்கள்.

தவமலர் அந்த எழுத்தின் மேல் விரலை ஓட்டினாள்,
தகட்டைச் சோதிக்கிற மாதிரி.
பாட்டிலைத் தள்ளினாள்.
"அலமாரி" என்றாள்.
"சரி."
"இல்லை. அலமாரி. அலமாரி."
எடுத்து அலமாரியில் வைத்தேன்.
அவள் அழுதாள். அவளுக்கு அப்போது
எதற்கெடுத்தாலும் அழுகை வரும்.

மறுநாள் ஒரு மூடி ஊற்றிக் கொடுத்தேன்.
என் முகத்தைப் பார்த்தபடியே குடித்தாள்.
ஒன்பது நாள்.

இரண்டாம் ஸ்கேனில்
வெள்ளை விளிம்பு தடித்திருந்தது.
சில கட்டிகள் அப்படித்தான் என்றார் டாக்டர்.
துருவைத் தின்னும் பொருளைத்
தாங்களே காய்ச்சி உள்ளே சேமித்துக்கொள்ளும்.
குளுட்டாதயோன் என்று பெயர்.
நாம் எவ்வளவு அரித்தாலும்
அவை மினுமினுப்பாகவே இருக்கும்,
காற்றுப் புகாத ஒரு

என்று அவர் சொல்லத் தேடிய சொல்லை
நான் சொன்னேன்.

சாற்றைப் பற்றியும் சொன்னேன்.
அதனால்தான் என்று சொல்ல முடியாது, அங்கிள்.
அதனால் இல்லை என்று?
பேனாவை மூடினார்.

வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தேன்.
பாட்டில், கீழே ஊதா வளையம்,
பக்கத்தில் மைலோ டின்.
திறந்தபடியே நின்றேன்.
பத்து விநாடி. இருபது.
ஒன்றும் கத்தவில்லை.

கூடத்திலிருந்து அவள்
"கதவு" என்றாள்.
சரியான சொல்.