டிரிப் ஷீட்டின் பின்பக்கம்

பாபநாசம் ரூட்டில் பத்தொன்பது வருடம்.
நிறுத்தங்களின் பேரை
மைதீன் பிச்சை கத்துவார்.
எனக்கு வேறு நிறுத்தங்கள்.

சுத்தமல்லி விலக்கு தாண்டி உடைமரக் கூட்டம்.
சேரன்மகாதேவியில் கேட் அடைத்திருந்தால்
ரயிலுக்கு ஒரு கும்பிடு,
இடப்பக்கம் இறங்கிக் கருவேலம்.
வீரவநல்லூரில் பெட்டிக்கடைக்குப் பின்னால்
சுண்ணாம்பு அடித்த சுவர்,
‘இங்கே சிறுநீர் கழிக்காதீர்’ என்று
எனக்காகவே எழுதி வைத்தது.

நின்றால் வராது.
காத்திருந்தால் சொட்டும்.
ஏறி உட்கார்ந்து கியர் போட்டதும்
மிச்சம் இருக்கிறேன் என்னும்.
பின்னால் அறுபது பேர்.
“டிரைவர் எங்கவே போனாரு?”

ராத்திரியில் கொண்டி விழும் சத்தத்தைப்
படுத்தபடியே எண்ணி
விடிந்ததும் பேராச்சி சொல்லுவாள்:
“நேத்து அஞ்சு.”
தப்பாது.
இருபத்தைந்து பீடியைப்
பார்க்காமலே கட்டும் விரல் அவளுக்கு.

பேப்பரில் மடித்த பொடியை
மைதீன் பிச்சைதான் கொண்டுவந்தார்.
“நெருஞ்சில் வேய். எம் மச்சினன் குடிச்சான்.
இப்ப மேலப்பாளையம் சந்தையில
ஒரு தடவகூட ஒதுங்காம மாடு பாக்கான்.
மூலிகைதானே, என்ன செஞ்சிரப் போவுது?”

நெருஞ்சில்.
டெப்போ வாசலில் மஞ்சளாய்ப் பூத்து
செருப்பில் ஏறும் அதே முள்.
வெயில் போகும் பக்கம் முகம் திருப்பும் பூவுக்கு
என் அடிவயிற்றின் இருட்டில் என்ன வேலை?
இருந்தாலும் காய்ச்சினேன்.
பிளாஸ்கில் ஊற்றி
இன்ஜின் மூடி மேல் வைத்துக்கொண்டேன்.

“மூணு” என்றாள் பேராச்சி, ஒரு காலையில்.
அடுத்த வாரம் “ரெண்டு.”
அன்றைக்குக் கேசரி கிண்டினாள்.
நான் கரண்டியை இரட்டிப்பாக்கினேன்.

கல்லிடைக்குறிச்சியில் இறங்கினேன்.
பஸ் நின்றது.
ரோடு ஓடியது.
கம்பியைப் பிடித்த கை எனதா என்று
கொஞ்ச நேரம் தெரியவில்லை.

பாளையங்கோட்டை சித்த மருத்துவமனை.
டாக்டர் ரெஜினா மலர்
பொடியைப் பார்க்கவில்லை முதலில்.
“சட்டைப் பையில என்ன மாத்திர?”
பிரஷர் மாத்திரை, காலை ஒன்று.
“இங்க யாரும் கேக்கலையே?”
“நீங்க அங்கயும் சொல்லலையே.”

பிறகுதான் பொட்டலத்தைப் பிரித்தார்.
முகர்ந்தார்.
“நெருஞ்சில் இருக்கு.
கூட என்னென்ன இருக்குன்னு எனக்குத் தெரியல,
இந்தப் பேப்பருக்கும் தெரியாது.
மாத்திர பிரஷர இறக்கும். இதுவும் இறக்கலாம்.
ரெண்டும் சேந்து உங்களையே இறக்கிவிட்டுட்டு,
சீட்டு எடுக்காத இடத்துல.”

மூலிகையை அவர் திட்டவில்லை.
நீர்க்கட்டுக்கு எங்க ஏட்டிலும் உண்டு என்றார்.
“ஆனா எதனால கட்டியிருக்குன்னு
முள்ளு எப்படிப் பாக்கும்?
வீக்கமா, கல்லா, வேற ஏதுமா?
மொதல்ல ஐகிரவுண்டுல ஸ்கேன் எடுங்க.
ரத்தமும் குடுங்க. அதுவரைக்கும்
பிளாஸ்கக் கழுவி வையுங்க.”

ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில்
வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு
அடக்கிக்கொண்டு உட்காரச் சொன்னார்கள்.
என்னை!
பெஞ்சில் ஏழெட்டு ஆண்கள்,
காலைக் காலோடு பின்னி.
ஒருவர் வாத்தியார் போல இருந்தார்.
ஒருவர் கையில் வயல் சேறு காயவில்லை.
யாரும் யாரையும் எதற்கு வந்தீர் என்று கேட்கவில்லை.
குழாயை யாரோ சரியாக மூடாமல் போயிருந்தார்கள்.
அந்தச் சொட்டுச் சத்தத்தில்
ஏழெட்டுப் பேரும் கண்ணை மூடிக்கொண்டோம்.

வாத்தியார்தான் முதலில் சிரித்தார்.

வீக்கம் என்று எழுதியிருக்கிறது.
ரத்தத்தின் எண் வியாழக்கிழமை வரும்.
இன்று புதன்.
ஐந்து பத்து வண்டி.
டிரிப் ஷீட்டின் பின்பக்கத்தில்
டாக்டர் சொன்னபடி நேரம் குறிக்கிறேன்:
சுத்தமல்லி 5.40.
சேரன்மகாதேவி, கேட் திறந்தே கிடந்தது,
ஆனாலும் நிறுத்தினேன்.
ஒளிந்து போகவில்லை. “ரெண்டு நிமிஷம்” என்று
வண்டிக்குள் திரும்பிச் சொல்லிவிட்டே இறங்கினேன்.

பின்னாலேயே மூன்று பேர் இறங்கினார்கள்.
நாலாவதாக மைதீன் பிச்சை,
விசிலை வாயில் வைத்தபடி.