பதினான்காம் பக்கம்

பொருத்தித் தர இருநூற்று நாற்பது டாலர்
என்றாள் கடைக்காரப் பெண்.
"எதுக்கு?" என்றான் வெர்லின்.
அந்த ஒற்றைச் சொல்லுக்குப்
பதினோரு நாள் வட்டி கட்டினோம்.

துலூத்தில் நவம்பர். ஏரி இன்னும் உறையவில்லை.
காற்று மட்டும் முன்பணம் வாங்கிக்கொண்டு
வேலையை ஆரம்பித்துவிட்டது.
டிஷ்வாஷர் பெட்டியைக் கராஜிலிருந்து
பழைய போர்வைமேல் வைத்து இழுத்துவந்தோம்,
மயங்கிய கரடியை இழுப்பதுபோல.
தள்ளுபடியில் கிடைத்ததென்று
சிங்க்குக்கு அடியில் மாட்டும் கழிவரைக்கும் மோட்டார் ஒன்றும்
அதன் முதுகிலேறி வந்தது.

பழையது வெளியே வரமாட்டேன் என்றது.
ஐந்து வருஷத்துக்கு முன்
நான் ஆசைப்பட்டுப் பதித்த தரை ஓடு
அதன் காலுக்கு முன்னால் ஒரு வாசற்படி கட்டியிருந்தது.
"ஓடு யார் கேட்டது" என்று அவன் கேட்கவில்லை.
கேட்காதது எனக்கு நன்றாகக் கேட்டது.

கால் திருகுகளை இறக்கி, சாய்த்து, திட்டி,
ஒருவழியாக இழுத்தபின்
அது நின்ற இடத்தில்
இருபது வருஷத்துப் பிசுக்கு,
உலர்ந்த பட்டாணி ஒன்று,
வங்கி கொடுத்த காந்தம்,
யாரும் தேடாத ஒரு தேக்கரண்டி.
கழுவி மற்றதோடு போட்டேன்.
ஏழாக இருந்தது எட்டானது.

பிறகு இடுப்புவரை அவனை அலமாரி விழுங்கிக்கொண்டது.
நான் டார்ச் பிடிக்கும் உத்தியோகத்தில்.
"மேலே."
"மேலேதான் பிடிக்கிறேன்."
"என் மூஞ்சிமேல இல்ல மார்லிஸ், குழாய்மேல."
பித்தளை முழங்கைத் துண்டுக்கும்
அவன் முழங்கைக்கும் நடுவே
வெள்ளை நாடா தப்புத் திசையில் சுற்றப்பட்டு
சொட்டு
சொட்டு
என்று எங்களுக்குப் பதில் பேசியது.
பிரித்து மறுபடி சுற்றினான்.
மூன்றாம் முறை வாயை மூடிக்கொண்டது.

ஓடவிட்டோம். உறுமியது, கழுவியது,
நின்றது.
கதவைத் திறந்தால் அடியில்
சாம்பல் நிறத்தில் ஒரு குட்டை,
வடிய மறுத்து, எங்களைப் பார்த்தபடி.

பக்கத்துவீட்டு கோர்டி பம்ப் போச்சு என்றான்.
அவன் தம்பி, சர்க்யூட் போர்டு என்றான்.
வெர்லின் குழாயைக் கழற்றி ஊதிப் பார்த்தான்,
கன்னம் சிவக்க, பிறந்தநாள் பலூன் ஊதுகிறவனாக.
திருப்பி அனுப்பலாம் என்றேன்.
அதற்கும் "எதுக்கு?"

பத்தாம் நாள், ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
இரவு ஷிஃப்டின் இடைவேளை.
டிஷ்வாஷரின் புத்தகத்தை அவன் எப்போதோ கரைத்துக் குடித்திருந்தான்.
மோட்டாரின் புத்தகம்
பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் என் பையில்.
காபி ஆறும்வரை படித்தேன்.
பதினான்காம் பக்கம், கீழே, சின்ன எழுத்தில்:
டிஷ்வாஷர் இணைப்பதானால்
உள்ளடைப்பை முதலில் தட்டி எடுக்கவும்.

ஓடிப்போய்ச் சொல்லவில்லை.
மறுநாள் சாயங்காலம்
ஸ்க்ரூடிரைவரும் சுத்தியலும் நீட்டினேன்.
ஒரே தட்டு.
கால் டாலர் அகலத்துக்கு ஒரு கறுப்பு வில்லை
உள்ளே விழுந்து கடகடத்தது.
இடுக்கியால் எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு
நெடுநேரம் பார்த்தான்.
"எங்கே படிச்சே?"
"கேன்டீன்ல."
வில்லையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.
மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

அன்று ராத்திரி இரண்டு மணி.
தாகம் என்று எனக்கே பொய் சொல்லி இறங்கினேன்.
அடுக்களையில் விளக்கில்லை.
டார்ச் வெளிச்சம் மட்டும் தரையில்,
பக்கத்தில் பைஜாமாவில் கவிழ்ந்து கிடந்தான் அவன்,
மூட்டுக்குக் கீழே வைத்த காகிதத் துணியை
விரலால் தொட்டுத் தொட்டு.

"ஈரமா?"
"காஞ்சிருக்கு."
குனிந்து நானும் தொட்டேன்.
காய்ந்துதான் இருந்தது.
நம்பாமல்
இன்னொருமுறை தொட்டோம்.